பாகூர் ஏகநாதன் வில்லியனூரில் செத்த கதை

ஏகநாதன் செத்தது எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு. இடம், வில்லியனூர் தேரடி. அதற்கு முன்னால் சுத்துக்கேணியில் ஒரு தரமும் பிள்ளையார்குப்பத்தில் ஒரு தரமும் செத்திருக்கிறார். அந்த இரண்டையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உயிரோடு இருக்கிற நேரங்களில் அவர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். காலை ஆறு மணி, பகல் பத்து மணி, பிற்பகல் மூன்று மணி. சுவிட்சைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். பக்கத்தில் பஸ் கவிழ்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் தொட்டி நிரம்பப் போகிறபோது குழாயில் ஒரு சத்தம் லேசாக மாறும். அவ்வளவுதான், கண் தானாகத் திறந்துகொள்ளும். பத்து வருஷ சர்வீசில் ஒரு நாள்கூடத் தொட்டி வழிந்ததில்லை. ஊரார் இதைத் தூக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, இது நடிப்பு என்று கண்டுபிடித்தவர் சௌந்தரராஜன் சார்.

சார் ஹைஸ்கூலில் தமிழாசிரியர். ஒரு மே மாத லீவில் எங்கேயோ பத்து நாள் நாடகப் பட்டறைக்குப் போனார். மழமழவென்று சவரம் செய்த முகமும் டெரிலின் சட்டையுமாகப் போனவர், தாடியும் ஜோல்னாப் பையுமாகத் திரும்பினார். வந்த வாரமே ‘ஒன்பதாம் திசை நாடகக் குழு’ பிறந்துவிட்டது. நாடகம் என்றால் சீன் படுதா, ஜிகினா, ஆர்மோனியம், நடுநடுவே ஒரு பபூன் என்று நம்பிக்கொண்டிருந்த ஊருக்கு அவர் புதுச் சட்டம் போட்டார். மேடை கூடாது, திரை கூடாது, மேக்கப் கூடாது, மைக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகக் கூடாது என்று தள்ளிக்கொண்டே வந்ததில் கடைசியில் கூட்டமும் கூடவில்லை. அதைப் பற்றி சாருக்குக் கவலையில்லை. கூட்டம் வந்தால்தான் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

குழுவில் ஐந்து பேர். சாரும் ஏகநாதனும் போக, கம்பவுண்டர் இன்னாசிமுத்து, பால்வாடி டீச்சர் ரோசம்மாள், பால் சொசைட்டி தெய்வசிகாமணி. ஏகநாதன் ராஜா வேஷம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தார். ராஜாவே இல்லாத நாடகம் என்று தெரிந்தபோது, போகட்டும், நாலு வசனமாவது கிடைக்கும் என்று இருந்தார். அதிலும் ஒரு சிக்கல். தினமும் மோட்டாருக்கு மேலே குரல் எழுப்பிப் பேசிப் பழகியவர், எதைச் சொன்னாலும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிடுவது மாதிரி சொன்னார்.

“உள்ளுக்குள்ள உடையறான் அந்த மனுஷன். அவன் குரல் ஒரு பெருமூச்சு மாதிரி வரணும்” என்றார் சார்.

“நான் உடைஞ்சிட்டேன்!” என்றார் ஏகநாதன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலிருந்து காக்கை பறந்தது.

“உடைஞ்ச சத்தம் கடலூர் வரிக்கும் கேட்டிருக்கும்பா” என்றார் இன்னாசிமுத்து.

மனம் நொந்துபோய் மூலையில் படுத்தார் ஏகநாதன். மற்ற நால்வரும் நாற்பது நிமிஷம் ஒத்திகை பார்த்தார்கள். ரோசம்மாள் அவர் காலைத் தாண்டிப் போனார். தெய்வசிகாமணி தடுக்கி அவர் மேலேயே விழுந்தார். ஏகநாதன் அசையவில்லை. முகத்தில் ஈ உட்கார்ந்து, நடந்து, சலித்துப்போய்க் கிளம்பியது. அப்போதுதான் சார் கையைத் தட்டி, “இதுதான்! இதுதான் நம்ம பிணம்!” என்று கத்தினார். புது நாடகம் அங்கேயே உருவானது. பெயர், ‘யாருடையது?’

கதை இதுதான். முச்சந்தியில் ஓர் அநாதைப் பிணம் கிடக்கிறது. கறுப்புச் சட்டை போட்ட நான்கு பேர் அதைச் சுற்றி வந்து வாதாடுகிறார்கள். ஒருவர் சட்டம் பேசுகிறார், ஒருவர் தத்துவம் பேசுகிறார், மற்ற இருவர் பேசாமல் பேசுகிறார்கள். நடுவில் மூன்று தடவை கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள்: “இந்தப் பிணத்துக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா?” மூன்று தடவையும் பதில் வராது. கடைசியில் நான்கு பேரும் தலைகுனிந்து நின்று, “அப்படியானால் நாம் அனைவரும் பிணங்களே” என்று முடிப்பார்கள். பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் வீட்டுக்குப் போகலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சார் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன உரை ஆற்றுவதுண்டு. “பார்க்கிறவங்களுக்கும் நடிக்கிறவங்களுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டை அழிக்கிறதுதான் எங்க நோக்கம். நீங்க உள்ள வரலாம், தலையிடலாம். வரணும்!” சுத்துக்கேணியில் அவர் பேச்சைக் கேட்டு உள்ளே வந்தது ஒரு வெள்ளாடு. பிணத்துக்கு அடியில் விரித்திருந்த வைக்கோலைத் தலைமாட்டிலிருந்து இடுப்புவரை சாவகாசமாகத் தின்றது. அதை எதிர்பாராத படிமம் என்றார் சார். ஏகநாதனுக்குக் காதில் ஆட்டின் மூச்சு இன்னும் கேட்கிறது.

காது என்றதும் ஏகநாதன் வீட்டு விவகாரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. அவருடைய ஒரே மகள் தனக்கொடிக்கு இன்னும் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. இப்போது ஏழு நடக்கிறது, சித்திரை பிறந்தால் எட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘மொட்டைக் காது’ என்று கூப்பிடுகிறார்கள். தினமும் சாயங்காலம் அழுதுகொண்டே வருகிறது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும்? தாய்மாமன் இருக்கிறார், கல்லுக்குண்டு மாதிரி. வில்லியனூர் தேரடியில் ஜவுளிக்கடை பலராமன். ஏகநாதன் மனைவி உமையாளின் கூடப்பிறந்த அண்ணன். ஆனால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

சண்டை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், பலராமன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். வீட்டு மாப்பிள்ளைக்கு என்று முதல் பந்தியில் முதல் இலை போட்டார்கள். சாம்பார் வரத் தாமதமாயிற்று. வந்தபோது ஆறிப்போயிருந்தது. சாம்பாரைத் தொட்டுப் பார்த்த ஏகநாதன், “இன்னா மச்சான், நேத்தே வெச்சிட்டீங்களா?” என்று கேட்டார். கேட்டது ரகசியமாகத்தான். ஆனால் அவருடைய ரகசியம் மூன்று பந்திக்குக் கேட்கும். அத்தோடு விட்டாரா? மூன்று மணி மோட்டார் ஞாபகம் வந்து, பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்.

பலராமன் வாசலில் மறித்தார். “மாப்ள, மோட்டார் பெருசா, மச்சான் பெருசா?”

“மோட்டாரப் போட்டா தண்ணி வரும் மச்சான். உங்களப் போட்டா இன்னா வரும்?”

சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னது. சிரித்தார்கள்தான். பலராமனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீ செத்தா கோடி போட வருவேன். அதோட சரி!”

சாவு வீட்டுக்கு மச்சான் புதுத்துணி எடுத்துவந்து பிணத்தின் மேல் போர்த்துவது முறை. அதைத்தான் கோடி என்பது. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை முறிக்கப் பலராமனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போய்க் காலில் விழ ஏகநாதனுக்கும் அப்படியே. நடுவில் பிள்ளையின் காது.

வில்லியனூர் தேரடியில் நாடகம் என்று சார் அறிவித்தபோது ஏகநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியாகப் பலராமன் கடைக்கு எதிர்ப்பக்கம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார். மூன்று வருஷமாக அந்தக் கடை வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எத்தனையோ தரம் பஸ் ஏறி, வழியில் மூலக்குளத்திலேயே இறங்கித் திரும்பியிருக்கிறார். உயிரோடு நிற்கத்தான் தைரியம் இல்லை. செத்துப்போய் நாற்பது நிமிஷம் படுத்திருக்கலாம் இல்லையா?

உமையாளிடம் சொன்னார்.

“ஊர்ல அவஅவ புருசன் நாடகத்துல ராசாவா வரான், எமனா வரான். என் புருசன் பொணமா வர்றாரு. அதுவும் என் பொறந்த ஊர்ல, எங்கண்ணன் கடை வாசல்ல! உங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?”

“எடத்த சார் சொன்னாரு உமையா. நான் இன்னா பண்ணட்டும்?”

“நான் வரமாட்டேன். தாலியக் கட்டிகினு வந்து இந்தக் கண்றாவியப் பாக்கறதா?” என்றவள், அரிசி களைந்துகொண்டே சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்: “எத்தினி மணிக்கு?”

“அஞ்சு மணிக்கு ஆரம்பம். அஞ்சே காலுக்கு நான் உழுந்துடுவேன்.”

“ம்” என்றாள் உமையாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி மோட்டாரைப் போட்டு, நிறுத்தி, பஸ் பிடித்து, தேரடிக்கு வந்து சேர்ந்தார். கடையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் கழுத்தைத் திருப்பிய விதத்தைப் பார்த்து, “சுளுக்கா?” என்று கேட்டார் கம்பவுண்டர்.

நல்ல கூட்டம். சாருக்கு அதுவே சந்தேகத்தைக் கொடுத்தது. கோட்டை அழிக்கும் உரை முடிந்தது. ஏகநாதன் நான்கு அடி நடந்து, சுழன்று, செத்தார். வறுத்த மல்லாட்டை விற்கிற காசம்மாள் முன் வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“யாரு பெத்த புள்ளையோ, நல்லா ஒசந்த ஆளு” என்றாள்.

“உசிரோடதான் இருக்குது. வயிறு ஏறி எறங்குது பாரு” என்றது ஒரு குரல்.

“செத்த புதுசுல அப்படித்தான்டா இருக்கும்!”

ஏகநாதன் வயிற்றை இறுக்கிக்கொண்டார். கண் மூடியிருந்தது. காது மட்டும் தேரடியைத் தாண்டிக் கடைக்குள் போயிருந்தது. அளவுகோல் பலகையில் தட்டுகிற சத்தம். சர்ரென்று துணி கிழிகிற சத்தம். மச்சான் வியாபாரத்தில்தான் இருக்கிறார். நாடகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் தடவை கேட்டார்கள்: “இந்தப் பிணத்துக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா?” கூட்டம் கடலை உரித்தது. கடையில் சர்ர்.

இன்னாசிமுத்து பேசாமல் பேசினார். தெய்வசிகாமணி பிணத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். இரண்டாம் தடவை கேட்டார்கள். சர்ர்.

ரோசம்மாள் சட்டம் பேசினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். அந்த நேரத்தில், தொட்டி நிரம்பும்போது குழாயில் மாறுமே, அதுபோல ஏதோ மாறியது. துணி கிழிகிற சத்தம் நின்றிருந்தது. அளவுகோல் தட்டவில்லை. ஏகநாதனின் இமை துடித்தது. அடக்கிக்கொண்டார்.

மூன்றாம் தடவை. சாரே கைகளை விரித்து, வானத்தைப் பார்த்து, உடைந்த குரலில் கேட்டார்: “இந்தப் பிணத்துக்கு… சொந்தக்காரர்… யாராவது உண்டா?”

“இருக்கேன்.”

கூட்டம் விலகியது. ஒரு கையில் மாலை, ஒரு கையில் மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டியோடு பலராமன் வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கூட்டத்துக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். சாவுக்கு வருகிறவர் அப்படித்தான் வருவார்.

கோட்டை அழிக்க வேண்டும் என்று சொல்வது வேறு, அழித்துக்கொண்டு ஓர் ஆள் வருவது வேறு. சார் கிட்டே போய்க் கிசுகிசுத்தார். “ஐயா, இது நாடகம். யாரும் பதில் சொல்லக் கூடாது.”

“தெரியும் சார். நாடகம்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீங்கதான கேட்டீங்க? ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி கேட்டீங்க. எங்க வூட்டு மாப்ள நடுத்தெருவுல கெடக்கறாரு, சொந்தக்காரன் இருக்கானான்னு ஊரே கேக்குது. மூணாவது வாட்டியும் வாய மூடிகினு இருந்தா நான் மனுசனா?”

“அதானே!” என்றாள் காசம்மாள்.

“நகருங்க சார்” என்று சாரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பலராமன் குனிந்து கோடியைப் போர்த்தினார். கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் ஏகநாதனின் மூக்கில் ஏறியது. மாலையிலிருந்து ஓர் இதழ் வந்து சரியாக நாசித் துவாரத்தில் உட்கார்ந்தது. தும்மல் கிளம்பி, பாதி வழியில், எங்கே போவது என்று தெரியாமல் கண் வழியாகத் தண்ணீராக வந்தது. தும்மல்தான் என்று ஏகநாதன் பின்னால் எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“பொணம் அழுவுதுடோய்!”

பலராமன் காதருகே வந்து பேசினார். “சாவுக்கு வருவேன்னு சொன்னேன். வந்துட்டேன். கோடி போடறேன்னு சொன்னேன். போட்டாச்சு. சொன்ன வார்த்த இத்தோட தீந்துபோச்சு. எந்திரி மாப்ள. புள்ளைக்குக் காதுகுத்து என்னிக்கு வெச்சிக்கலாம்?”

ஏகநாதன் அசையவில்லை. நாடகம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. அவருக்கு உள்ள ஒரே வேலை அசையாமல் இருப்பது. சார் அவரை நம்பித்தான் நாடகமே கட்டியிருக்கிறார். கண்ணைத் திறக்காமலேயே சாரின் முறைப்பு தெரிந்தது.

“இன்னா மாப்ள? மறுபடியும் டூட்டியா?” என்றார் பலராமன். குரலில் கோபம் இல்லை. கிரகப்பிரவேச வாசலில் நின்ற அதே ஆள், அதே கேள்வி.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

“பங்குனி உத்திரம் மச்சான்!” என்றது, ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற குரலில்.

குழந்தைகள் அலறின. காசம்மாள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, பத்தடியில் நின்று திரும்பி, சிரித்து, அழுது, தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். ‘ஒன்பதாம் திசை’ கைதட்டல் வாங்கியது அதுதான் முதல் தரம். நாம் அனைவரும் பிணங்களே என்று சொல்லி முடிக்க வேண்டிய நால்வரும் அதைச் சொல்ல ஆளில்லாமல் நின்றார்கள். இன்னாசிமுத்து மட்டும் கடமைக்காக அதைத் தெய்வசிகாமணியிடம் சொல்லி வைத்தார்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பஸ்ஸில் பாகூருக்குக் கிளம்பினார்கள். ஏகநாதன் கழுத்தில் மாலையும் தோளில் கோடியுமாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, “கல்யாணமா?” என்று கேட்டார். “இல்ல, செத்துட்டு வரேன்” என்றார் ஏகநாதன். கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

பாதி வழியில் பலராமன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த இன்லண்டு லெட்டரை எடுத்து நீட்டினார். உமையாளின் கையெழுத்து. இரண்டே வரி.

‘அண்ணனுக்கு வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சே காலுக்கு உங்க மாப்பிள்ளை தேரடியில சாவறாரு, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.’

ஏகநாதன் இரண்டு தரம் படித்தார். சௌந்தரராஜன் சாரையே மிஞ்சிய டைரக்டர், தன் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் உமையாள் இருவரையும் நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சொம்பும்.

“சாவுக்குப் போயிட்டு வந்தவங்க அப்படியே உள்ள வரக் கூடாது. ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திகினு வாங்க. அந்த வேட்டி மட்டும் என் வூட்டுக்குள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்.” அப்புறம் அண்ணனைப் பார்த்து, “எனக்குப் புடவை எடுத்தாரலியே?” என்று கேட்டாள்.

பிணத்துக்கு வேட்டி என்றால் விதவைக்குப் புடவை. பலராமன் காதைப் பொத்திக்கொண்டார். “வாயக் கழுவு! கடை முழுக்க வெச்சிருக்கேன், ஒண்ணக்கூடக் கையால தொடலடி!”

அதற்குத்தான் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொம்பை நீட்டினாள். மூன்று மணி மோட்டாரில் ஏறிய தண்ணீர். தாய்மாமன் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட அந்த வாசப்படியை மிதித்தார். தனக்கொடி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தன் காதைத் தானே தொட்டுக்கொண்டது.

அடுத்த மாதம் புதுச்சேரியிலிருந்து வருகிற ஒரு சிறுபத்திரிகையில் நாடகத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வந்தது. பிணம் எழுந்து ஒரு தேதியைச் சொல்வது, மரணத்தின் எல்லையற்ற காலத்தை நாட்காட்டிக்குள் இழுத்து வரும் துணிச்சலான உத்தி என்று எழுதியிருந்தார்கள். அதுவரை ஏகநாதனோடு பேசாமல் இருந்த சார், அன்று சாயங்காலமே மோட்டார் ரூமுக்கு வந்தார். இனி ஒவ்வொரு தரமும் அந்தக் காட்சியை வைத்துவிடலாம், உங்கள் மச்சானை வரச் சொல்ல முடியுமா என்றார். சொல்லி அனுப்பியதற்குப் பலராமன் பதில் அனுப்பினார்: “எத்தினி வாட்டி கோடி போடறது? கடைல ஸ்டாக்கு காணாது.”

உமையாள் உள்ளே விடாத அந்த எட்டு முழ வேட்டி குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த நாடகங்களில் அது ஆறாக ஓடியது, சுவராக நின்றது. ஒரு நாடகத்தில் இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அது திரைதான் என்று தெரிந்தும் சார் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பங்குனி உத்திரத்தன்று ஏகநாதன் வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் தனக்கொடி உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட்டது. இரண்டு காதும் முடிந்த பிறகும் அழுதுகொண்டிருந்தது பலராமன்தான். பந்தி போட்டார்கள். இந்தத் தரம் முதல் இலை மச்சானுக்கு, இரண்டாவது மாப்பிள்ளைக்கு. மணி பத்தாக ஐந்து நிமிஷம். ஏகநாதன் இலையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நெளிந்தார். எழுந்திருக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் ஒரு நாள் தாமதமாகப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

“இன்னா மாப்ள, பாயசத்துக்கு முன்னாடியே வயித்தக் கலக்குதா?” என்றார் பலராமன். “போ. போட்டுட்டு வா. நீ வராத நான் கை வெக்க மாட்டேன்.”

ஏகநாதன் ஓடினார். சுவிட்சைப் போட்டார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மோட்டார் பக்கத்தில் படுக்காமல், அதைக் கூடவே ஓடிவந்த இன்னாசிமுத்துவின் பொறுப்பில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். பலராமன் சொன்னபடியே இலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காக மொத்தப் பந்தியும் அப்படியே காத்திருந்தது. பரிமாறியது எல்லாம் இலையில் அப்படியே இருந்தது.

ஏகநாதன் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்து, பிசைந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டார். சாம்பார் ஆறி அவலாகியிருந்தது. மச்சான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏகநாதனின் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. மூன்று ஊரில் செத்துப் பழகியதெல்லாம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.